படுவான்கரை மேய்ச்சற்றரையும் நிலவுரிமையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் நிலப்பரப்பு படுவான்கரை. நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் இங்கேதான் இருக்கிறது. கன்னன்குடா, கரவெட்டி, ஆயித்தியமலை, உன்னிச்சை என்று வயலும் குளமுமாகப் போகும் இந்நிலம் மேற்கே செல்லச் செல்லக் காடாகிப் பொலன்னறுவை, அம்பாறை மாவட்ட எல்லைகளைத் தொடுகிறது. இங்கே உழுபவர், மாடு மேய்ப்பவர், வேட்டைக்கும் தேனுக்கும் காடேறுபவர் ஆகிய மூவகையினரும் ஒரே நிலத்தை வெவ்வேறு காலங்களில் பயன்படுத்தி வந்தனர். அந்த ஏற்பாடு எப்படி உருவாயிற்று, எந்தச் சட்டங்களால் குலைந்தது, இன்று வழக்காகவும் மறியலாகவும் எப்படி நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பருவமும் பட்டியும்

மட்டக்களப்பின் வயல்கள் வட்டை வட்டையாகப் பிரிந்தவை. நிலச்சொந்தக்காரர் போடியார், வேலையாட்களின் தலைவர் முல்லைக்காரர், நீர்ப்பங்கையும் வேலியையும் கவனிப்பவர் வட்டை விதானை. போடியார் என்றதும் மீசை முறுக்கிய ஆணின் உருவமே நினைவுக்கு வரும். ஆனால் இங்குள்ள முக்குவர் சமூகத்தின் வழமையில் சொத்து தாய்வழியே இறங்கியது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தபிறகு முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் வலுவிழந்தது. ஆனாலும் வயலையும் வளவையும் மகளுக்குச் சீதனமாக எழுதும் வழக்கம் மாறவில்லை. படுவான்கரை வயல் உறுதிகளில் பெண்களின் பெயர்கள் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

மாடுகளுக்கு உறுதி கிடையாது, குறிதான் உண்டு. பட்டி மாட்டின் உடலில் தாய்வழிக் குலமான குடியின் குறியையும் சொந்தக்காரரின் அடையாளத்தையும் சுட்டு விடுவார்கள். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று குடிகள் பிரியும்போது குறிகளும் பிரிந்தன. எங்கோ காட்டுக்குள் அலையும் மாடு யாருடையது என்பதை எழுத்தறியாத பட்டிக்காரரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

ஐப்பசி மழையோடு பெரும்போக விதைப்பு தொடங்குமுன் மாடுகள் வயற்புறத்தை விட்டு வெளியேறியாக வேண்டும். எந்தத் தேதிக்குள் என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கும். முன்பு வட்டைப் பெரியவர்கள் கூடிப் பேசியதை இன்று அரசாங்க அதிபரும் பிரதேச செயலாளரும் தலைமை தாங்கி நடத்துகிறார்கள். விதைப்புத் தேதியும் குளம் திறக்கும் தேதியும் மாடு அகற்றும் தேதியும் ஒரே கூட்டத்தில் முடிவாகின்றன. அதன்பின் பட்டிகள் மேற்கே நகரும். மாதவனை, மயிலத்தமடு, கெவிளியாமடு போன்ற தரைகளில் பட்டிக்காரர் வாடி அடித்து, பால் கறந்து, மாரி முழுவதும் அங்கேயே கிடப்பார்கள். அறுவடை முடிந்ததும் மாடுகள் திரும்பி வந்து வயலில் தாளைத் தின்னும். அவற்றின் சாணம் வயலுக்கு எருவாகும். மட்டக்களப்புத் தயிரின் பேர் இந்த இடப்பெயர்வில் பிறந்தது.

வயற்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் இடையே இருந்தது நட்பு மட்டுமல்ல, தேவையும்தான். சேறு மிதிக்க எருமை வேண்டும். களவெட்டியில் சூடு மிதிக்க மாடு வேண்டும். உழவு இயந்திரம் வந்து இரண்டு வேலையையும் பறித்துக்கொண்டபோது, போடியாருக்கு மாடு பயிரை அழிக்கும் பிராணியாக மட்டுமே தெரியத் தொடங்கியது. மேய்ச்சற்றரைப் பிரச்சினையை இனப்பிரச்சினையாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த உள்ளூர் விரிசலைத் தவறவிடுகிறார்கள். விரிசலின் தொடக்கம் உழவு இயந்திரத்துக்கும் முந்தியது: 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டமே அன்றைய வயற்காரரின் முறைப்பாட்டுக்குச் சாட்சி. அச்சட்டம் மாடு ஏற்படுத்தும் நட்டத்தைக் கணக்கிட்டது. மாடு போவதற்கு இடம் எது என்பதைச் சொல்லவில்லை.

வேட்டையும் தேனும்

மேய்ச்சற்றரைக்கு அப்பாலுள்ள காட்டில் எல்லை என்று எதுவும் எழுதப்படவில்லை. பன்றி, மான், மரை, உடும்பு வேட்டைக்கும் தேன் எடுக்கவும் வேடர்களும் படுவான்கரைக் குடியானவர்களும் சென்றனர். கிழக்குக் கரையோர வேடர்கள் தமிழ் பேசுபவர்கள். வாகரை, கல்குடாப் பக்கங்களில் அவர்களின் குமார தெய்வச் சடங்கு இன்றும் நடக்கிறது. செலிக்மன் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இவர்கள் தனியாகப் பேசப்படுகிறார்கள்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைப் பெருமளவு குற்றமாக்கியது. ஆனால் அதைவிடப் பெரிய அடி 1983 நவம்பரில் விழுந்தது. மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தின் நீரேந்துப் பகுதியைக் காக்க மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டதும் அங்கிருந்த வேடர் குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றமான ஹெனானிகலைக்கு மாற்றப்பட்டன. தம்பானை வேடர்களின் தலைவர் ஊருவரிகே திசாஹாமி போக மறுத்தார். அவருடைய மகன் வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐ.நா. சுதேச மக்கள் செயற்குழு முன் இதைப் பேசினார். வேட்டை நிலத்தை இழந்தவர்களுக்கு ஈடாக வயல் கொடுத்தது, அரசு நிலத்தை எப்படிப் பார்த்தது என்பதைக் காட்டுகிறது: உழாத நிலம் பயன்படாத நிலம்.

முடிக்குரிய நிலம்

இந்தப் பார்வையின் வேர் 1840இல் இருக்கிறது. அவ்வாண்டின் 12ஆம் இலக்க முடிக்காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லாத, பயிரிடாத நிலங்களும் வேறு எவருடையது என்று நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் இதை மேலும் இறுக்கிற்று. மலையகத்தில் கோப்பித் தோட்டத்துக்காக எழுதப்பட்ட சட்டம் படுவான்கரைக்கும் பொருந்தியது. ஆண்டில் ஆறு மாதம் மாடு நிற்கும் தரையைப் ‘பயிரிட்ட நிலம்’ என்று எந்த மாட்டுக்காரராலும் நிரூபிக்க முடியாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியை மக்களுக்குப் பகிர வழி செய்தது. ஆனால் அதன் கீழ்க் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் தனித்தனிக் குடும்பங்களுக்கான வயலும் மேட்டுக்காணியும்தான். ஊர்ப் பொதுவான மேய்ச்சலுக்கென்று எல்லையிட்ட நிலம் அரிது. அந்த வெற்றிடத்துக்குள்தான் பின்னர் எல்லாரும் நுழைந்தார்கள்.

மகாவலி பி வலயம்

1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மகாவலி அதிகார சபைக்குத் தன் வலயத்துக்குட்பட்ட காணியில் பரந்த அதிகாரம் உண்டு. பிரதேச செயலாளரின் கை அங்கே நீளாது. 1983இல் திறக்கப்பட்ட மாதுறு ஓயா அணையை நம்பிய பி வலயத்தின் இடதுகரை பொலன்னறுவைப் பக்கம் குடியேற்றங்களாயிற்று. பெரும்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்துள் வரும் வலதுகரை வேலை முடியாமல் நின்றது. அதே 1983 செப்டம்பரில் திம்புலாகலை விகாராதிபதியின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் அங்கு புகுந்து காணி பிடித்தனர். மகாவலி அதிகாரிகள் சிலரே இதைத் திட்டமிட்டனர் என்பதை, அவர்களில் ஒருவரான மாலிங்க குணரத்ன பின்னர் தன் நூலில் வெளிப்படையாக எழுதினார். எதிர்ப்பு கிளம்ப, அரசாங்கம் காணி பிடித்தவர்களை வெளியேற்றியது. மாதவனையும் மயிலத்தமடுவும் இந்த மகாவலி வரைபடத்தின் ஓரத்தில் இருப்பவை. மாட்டுக்காரரின் கண்ணில் அவை மேய்ச்சற்றரை. வரைபடத்தில் எதிர்கால விவசாய நிலம்.

போர்க்காலம்

1990களில் வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை இராணுவத்திடமும் படுவான்கரை விடுதலைப் புலிகளிடமும் இருந்தன. வவுணதீவு இரண்டுக்கும் இடைப்பட்ட வாசலாயிற்று. 1997 மார்ச்சில் அங்கிருந்த இராணுவ முகாம் தாக்கப்பட்டது. 2007இல் படுவான்கரை மக்கள் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்ந்தபோது மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டே பலர் ஓடினர். அவ்வாண்டு ஜூலையில் குடும்பிமலை இராணுவத்திடம் வீழ்ந்தது. மக்கள் திரும்பி வந்தபோது காடு திறந்திருந்தது. ஆனால் மாட்டுக்காரருக்காக மட்டும் திறக்கவில்லை.

மயிலத்தமடு

போருக்குப் பின் மாவட்ட எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் மயிலத்தமடு, மாதவனைத் தரைகளில் சேனை வெட்டத் தொடங்கினர். 2020இல் இது சோளச் செய்கையாகப் பெருகியது. இறக்குமதியைக் குறைத்துச் சோளத்தை நாட்டிலேயே விளைவிக்க அரசு உற்சாகப்படுத்திய காலம் அது. மேய்ச்சற்றரை பறிபோவதாகப் பண்ணையாளர்கள் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே காலத்தில் அம்பாறை மாவட்டத்து ரம்பகன் ஓயாக் காட்டைச் சோளத்துக்காக அழிப்பதை எதிர்த்து வன்னில அத்தோவும் சுற்றாடல் நீதி மையமும் அதே நீதிமன்றத்தின் படியேறினர். தமிழ் மாட்டுக்காரரும் சிங்களம் பேசும் வேடர் தலைவரும் ஒரே பயிருக்கு எதிராக, ஒரே மகாவலி அதிகார சபையைப் பிரதிவாதியாக்கி நின்றார்கள். இரு வழக்குகளையும் சேர்த்துப் பார்த்த எழுத்து அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

தரையில் நடந்தது இன்னும் கொடுமையானது. சேனையைச் சுற்றி மின்சாரக் கம்பி, கட்டுத்துவக்கு, பன்றி வெடி. காட்டுப் பன்றிக்கும் மானுக்கும் வைக்கப்படும் அதே பொறிகளில் பால்மாடுகள் மாண்டன. வாய் கிழிந்தும் சுடப்பட்டும் கிடந்த மாடுகளின் படங்கள் செய்தித்தாள்களில் வந்துகொண்டே இருந்தன. 2023 ஆகஸ்டில் நிலைமையைப் பார்க்கச் சென்ற பல்சமயத் தலைவர்களும் ஊடகவியலாளரும் அங்கே மணிக்கணக்கில் மறித்து வைக்கப்பட்டனர். அடுத்த மாதம் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அக்டோபரில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அத்துமீறியவர்களை அகற்றப் பணித்தார். பணிப்பு வந்தபின்னும் போராட்டம் முடியவில்லை. நவம்பரில் ஆதரவாக வந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதாகினர்.

சேனைக்காரர் பக்கமும் ஒரு வாதம் உண்டு: அரச காணிதானே, மகாவலிக் காணிதானே, எங்களுக்கும் வயிறு இருக்கிறது என்கிறார்கள். நிலமற்றோரின் பசி உண்மை. ஆனால் முன்பிருந்தவரின் பிழைப்பை அழித்துத் தீர்க்கப்படும் பசி, இன்னொரு நிலமற்றோர் கூட்டத்தை உண்டாக்குவதோடு நின்றுவிடுகிறது.

நிலத்தடியில் உள்ளது

மேற்பரப்பைப் போலவே நிலத்தடி வளம் யாருக்கு உரியது என்ற கேள்வியும் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் நிலச்சொந்தக்காரர் தன் நிலத்தடி எண்ணெயையும் எரிவாயுவையும் குத்தகைக்கு விடலாம். வேட்டைக்காரருக்கும் அனுமதிக் கட்டணம் விதிக்கலாம். அங்கே தகராறு சொந்தக்காரருக்கும் வேட்டைக்காரருக்கும் துளையிடும் நிறுவனத்துக்கும் இடையிலானது. இலங்கையில் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி கனியங்கள் குடியரசின் உடைமை. பெற்றோலிய வளமும் அரசுக்கே உரியது. 2003இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2021இல் 21ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. மன்னார்க் கடலில் கெய்ர்ன் நிறுவனம் 2011இல் இரு இடங்களில் எரிவாயு கண்டது. கிழக்குக் கடலின் ஜேஎஸ் 5, ஜேஎஸ் 6 தொகுதிகளை ஆராய பிரான்சின் டோட்டல் நிறுவனம் 2016இல் உடன்பட்டது. அவை கடலில், படுவான்கரை வயலில் எண்ணெய்க் கிணறு எதுவும் தோண்டப்படவில்லை.

படுவான்கரை எதிர்த்த துளை தண்ணீருக்கானது. பதுளை வீதியிலுள்ள பெரிய புல்லுமலையில் போத்தல் தண்ணீர்த் தொழிற்சாலை ஒன்று எழுந்தபோது, ஆழ்துளைக் கிணறுகள் சுற்றுவட்டாரக் கிணறுகளை வற்றச் செய்யும் என்று ஊர் கிளர்ந்தது. 2018 செப்டம்பரில் மாவட்டம் தழுவிய கடையடைப்பு நடந்தது. உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி வாவியைத் தாண்டி நகருக்குப் போக, குளத்தடி ஊர்கள் சில குடிநீருக்குத் தவித்த கோபமும் அதில் கலந்திருந்தது. நிலத்தின் மேற்பரப்புக்கே உறுதி இல்லாதவர்கள், அடிநீருக்கு உரிமை கேட்பது வியப்புக்குரியதல்ல.

தமிழ்நாட்டில் எண்ணெய், எரிவாயுத் துளைகளுக்கு எதிரான நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்குப் பின் 2020இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. புதிய எண்ணெய், எரிவாயுத் துளைகளுக்கு அங்கு தடை வந்தது. அச்சட்டத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, ஆனாலும் வரைபடத்தில் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர் கேட்பதும் அதுவே: தங்கள் மேய்ச்சற்றரையை எல்லையிட்டு வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். சித்தாண்டிப் போராட்டம் 2024 செப்டம்பரில் ஓராண்டைத் தாண்டியபோதும் அந்தக் கோரிக்கை நிறைவேறியிருக்கவில்லை.