பலருக்கு ஒரு மடல்



நான் இப்பொழுது உரைக்கும் சொற்கள் வானொலி நிலையத்திலிருந்து ஒருமுறையே புறப்படுகின்றன. கேட்போர் பதின்மராயினும் பல்லாயிரவராயினும் நிலையத்துக்கு வேலை கூடுவதில்லை. கணினி வலையின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அது தபாற் கந்தோரை ஒத்தது. செய்தி சிறு சிறு பொதிகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் தலைப்பிலும் பெறுவோர் முகவரி பொறிக்கப்பட்டு, வழியிலுள்ள ரவுட்டர் என்னும் பொறிகளாற் கைமாற்றி அனுப்பப்படுகின்றது. ஒரே இசை நிகழ்ச்சியை ஆயிரம் பேர் ஒரே வேளையிற் கேட்க விரும்பின், ஆயிரம் படிகள் புறப்படல் வேண்டும். அவற்றுட் பல நூறு, ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லவும் நேரும். இவ்வீண் செலவை ஒழிக்க முயன்றோரின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1980களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில், டேவிட் செரிட்டன் என்னும் பேராசிரியரிடம் ஸ்டீவ் டீரிங் என்பார் ஆய்வு மாணவராயிருந்தார். பல கணினிகள் கூடி ஒரு தொழிலைச் செய்யும் முறையை அக்குழுவினர் ஆராய்ந்தனர். ஒரே கம்பியில் இணைந்த கணினிகளுக்குள் ஒரு கூட்டத்தார்க்குச் செய்தி விடுத்தல் எளிதாயிருந்தது; இடையிலே ரவுட்டர் ஒன்று வந்துவிட்டால் அச்செய்தி அதனைக் கடந்து செல்லவில்லை. இத்தடையை நீக்க டீரிங் வகுத்த முறை 1989 ஆகஸ்ட் மாதத்தில் இணையத்தின் விதிமுறை ஆவணமாக வெளிவந்தது. 224 முதல் 239 வரையான எண்களில் தொடங்கும் முகவரிகள் தனி வீடுகளுக்கன்றிக் குழுக்களுக்கென ஒதுக்கப்பட்டன. அனுப்புவோர் குழுவின் உறுப்பினர் எவரெவர் என்று அறிய வேண்டியதில்லை. சேர விரும்புவோர் தமக்கு அண்மையிலுள்ள ரவுட்டருக்கு அறிவித்தாற் போதும்.

1992 மார்ச் மாதம் சான் டியேகோ நகரில் நடைபெற்ற இணையப் பொறியியலாளர் மாநாட்டின் உரைகள் இம்முறையால் 20 இடங்களிற் கேட்கப்பட்டன. 1994 நவம்பர் 18ஆம் நாள் டல்லஸ் நகரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் இசை நிகழ்ச்சியின் ஒரு பகுதியும் இவ்வாறே பரப்பப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், கணினி அறிஞர் சிலர் தாமே அமைத்திருந்த சிறு இசைக்குழுவொன்று, எவரும் அழையாமலே அவ்வலையில் முன்கச்சேரி நிகழ்த்திவிட்டது! வலையின் கதவு எவருக்கும் திறந்திருந்தது என்பதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இம்முறை உலகெங்கும் பரவவில்லை. காரணம் யாது? யாழ்ப்பாணத்துக்குரிய கடிதங்கள் யாவற்றையும் ஒரே பையில் இட்டு அனுப்பலாம். ஒவ்வொரு வீட்டின் பெயரும் கொழும்பிலுள்ள அலுவலருக்குத் தெரிந்திருத்தல் வேண்டாம். வழக்கமான முகவரிகளுக்கு இச்சுருக்கம் பொருந்தும். குழுவின் பெயருக்கோ பொருந்தாது. அதன் உறுப்பினர் எங்கெங்கோ சிதறியிருப்பர். ஆகவே வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும், ஒவ்வொரு குழுவுக்கும் எத்திசைகளிற் கிளை பிரிகின்றதெனத் தனிக் குறிப்பு வைத்தல் வேண்டியதாயிற்று. குழுக்கள் பெருகக் குறிப்பும் பெருகியது. இணைப்பொன்று அறுந்தாற் குறிப்புகளையெல்லாம் மீள எழுதவும் நேர்ந்தது. தொலைபேசி நிறுவனங்களின் தொலைக்காட்சிச் சேவை, பங்குச் சந்தை விலைச் செய்தி போன்ற மூடிய வலைகளில் இம்முறை நிலைத்தது. பொது இணையத்திலோ இன்றும் ஆளுக்கொரு படியே செல்கின்றது.

குறிப்பே வேண்டாமெனில் என் செய்வது? பெறுவோர் அனைவரின் முகவரிகளையும் பொதியின் தலைப்பிலேயே எழுதிவிடலாம் என்றொரு திட்டம் 2007இல் ஆவணமாயிற்று. சிறு கூட்டத்துக்கு அது ஏற்றதே. பெருங்கூட்டத்துக்கோ தலைப்பே சுமையாகிவிடும். 2017 நவம்பரில் வைநாண்ட்ஸ், ரோசன் முதலியோர் வெளியிட்ட, பியர் எனப் பெயரிய திட்டம் இதற்கொரு நுட்பமான வழி கண்டது.

பாடசாலை அதிபன் என்ற முறையில் எனக்குப் பழக்கமான ஓர் உவமையாற் சொல்லுகின்றேன். சுற்றறிக்கையின் தலைப்பில் 256 சிறு கட்டங்கள் வரைந்து, வகுப்பறை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தை உரித்தாக்குவோம். அறிக்கை எவ்வகுப்புகளுக்கு உரியதோ அக்கட்டங்களில் மாத்திரம் புள்ளியிடுவோம். படிக்கட்டின் அடியில் நிற்கும் மாணவன் மேல்மாடிக்கு ஒரு படியும் கீழ்த்தளத்துக்கு ஒரு படியும் எடுத்து, மேலே செல்வதிற் கீழ்வகுப்புகளின் புள்ளிகளையும், கீழே செல்வதில் மேல்வகுப்புகளின் புள்ளிகளையும் அழித்துவிடுவான். அழியாது விடின் ஒரே வகுப்புக்கு ஈரறிக்கை போய்ச் சேரும். அறிக்கை எதைப் பற்றியது, எக்குழுவுக்குரியது என்பதொன்றும் அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. எந்த வகுப்பு எத்திசையிலுள்ளது என்பது தெரிந்தாற் போதும். அவ்வறிவோ ரவுட்டர்களிடம் முன்னரே உள்ளது. குழுவினர் பற்றிய நினைவு வலையின் நடுவிலிருந்து நீங்கி, பொதி உள்நுழையும் வாயிலிலே தங்கிவிடுகின்றது.

குறைகளும் உள. 256 கட்டங்கள் கொண்ட தலைப்புடன் 600 வெளிவாயில்களுக்கு ஒரு செய்தியை விடுக்க வேண்டின் மூன்று படிகள் புறப்படல் வேண்டும். ஆயினும் 600 படிகளுக்கு மூன்று எங்கே! இதனினும் பெரிய இடர், புள்ளிகளைப் படித்து அழிக்கவல்ல புதிய பொறிகள் வேண்டப்படுவதே. பழைய ரவுட்டர்களின் சில்லுகள் பல இத்தலைப்பை அறியா. அதனாலேயே அவ்வாவணம் சோதனை நிலையிலுள்ள ஒன்றாக வெளியிடப்பட்டது. டீரிங் தமது ஆய்வேட்டை முடித்த 1991ஆம் ஆண்டுக்கும் அதற்கும் இடையே 26 ஆண்டுகள் கழிந்திருந்தன.