ஆறு சிலிண்டர், ஆறு த்ராட்டில்

பழைய காரில் சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் வைத்து எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் போடுவதை இன்று பெரிய புதுமை என்கிறார்கள். அவர்களிடம் நான் காட்டுவது டிரையம்ப் டிஆர்5-ஐத்தான். 1967-இல் இங்கிலாந்தில் கவென்ட்ரி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அந்த 2.5 லிட்டர் காரில் அப்போதே ஆறு த்ராட்டில் உண்டு. சொன்ன சக்தி 150 குதிரை.

த்ராட்டில் இன்டேக் வால்வை ஒட்டி நின்றால் நடுவே தேங்கும் காற்று குறைவு. பெடலை மிதித்ததும் இன்ஜின் பாயும். ரேஸ்காரர்கள் வெபர் கார்புரேட்டர்களை வரிசையாக மாட்டியதும் இதற்குத்தான். லூகாஸ் நிறுவனம் தன் இன்ஜெக்ஷனை 1950-களிலேயே ஜாகுவார் டி-டைப் ரேஸ் கார்களில் ஓட்டிப் பார்த்திருந்தது. அதுதான் டிஆர்5-க்கு வந்தது.

அதில் பெட்ரோலை அளந்து விடும் மீட்டரிங் யூனிட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்! இன்ஜின் சுற்றும் உருளைக்குள் ஒரு சின்ன எஃகுத் துண்டு இரண்டு தடைகளுக்கு நடுவே ஓடும். பெட்ரோலின் அழுத்தமே அதை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளும். ஒரு ஓட்டம், ஒரு சிலிண்டருக்கான பெட்ரோல். இன்டேக்கில் வேக்குவம் கூடினால் ஒரு தடை நெருங்கி வரும், அளவு குறையும். ஒரு டிரான்சிஸ்டர்கூட இல்லாமல் இவ்வளவும்.

கெட்ட பெயர் வாங்கித் தந்தது டிக்கியில் இருந்த பெட்ரோல் பம்ப். வைப்பர் மோட்டாரிலிருந்து உருவான அது, 100 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கத் திணறிச் சூடேறும். பெட்ரோல் ஆவியாகி இன்ஜின் இருமும். பழி மொத்த அமைப்பின் மேல் விழுந்தது அநியாயம். அமெரிக்காவுக்கோ இன்ஜெக்ஷனே போகவில்லை. அங்கே இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரோடு டிஆர்250 என்று 8,484 கார்கள் விற்றன. டிஆர்5 மொத்தமே 2,947.

இப்போது பலர் பழைய ஆறு த்ராட்டிலையும் வைத்துக்கொண்டு, மீட்டரிங் யூனிட்டை மட்டும் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இன்ஜெக்டரும் அதை இயக்கும் கணினியான ஈசியூவும் மாட்டுகிறார்கள். எனக்கும் அதுவே சரியான வழி. ஆறு த்ராட்டில் இருக்கும்போது வேக்குவம் துடித்துக்கொண்டே இருக்கும், அதை நம்ப முடியாது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று பார்த்து ஈசியூ பெட்ரோலைக் கணக்கிடும்.

ஆனால் இரண்டிரண்டாக மூன்று ஜோடியாய் நிற்கும் த்ராட்டில்களை ஒரே அளவில் திறக்க வைப்பது கை வேலைதான். ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை இன்டேக் வாயிலும் வைத்து, மூன்று ஜோடியிலும் காற்றின் சீறல் ஒன்றாகும்வரை லிங்கேஜ் திருகைத் திருப்புவேன். ஐம்பது வருஷம் ஓடிய த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து அதன் ஓரமாகக் காற்று கசிந்தால் எந்த லேப்டாப்பும் அந்த ஐடிலிங்கைச் சரிசெய்யாது. ஆகவே முதலில் ஷாஃப்டும் புஷ்ஷும். ஈசியூ அதற்குப் பிறகு.