பெல்ற்றைச் சுழற்றும் கப்பிகள்

பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் எஞ்சினுக்கு முன்னால் ஒரு ஃபான் பெல்ற்றும் மூன்று கப்பிகளும் இருந்தன. கிராங்க் தண்டின் கப்பி பெல்ற்றை இழுக்கும். மற்றைய இரண்டும் டைனமோவையும், விசிறியோடு நீர்ப்பம்பியையும் சுழற்றும். பெல்ற் தளர்ந்தால் டைனமோவை நகர்த்தி இறுக்குவார்கள்.

இன்றைய வாகனங்களிலும் அடிப்படை அதுவே. ஒல்ரனேற்றரின் கப்பி சிறியது. அதனால் எஞ்சினைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகச் சுழன்று பற்றரிக்கு மின்னேற்றுகிறது. பலவற்றில் பெல்ற்றை இறுக்கிப் பிடிப்பது வில் பொருத்திய தனிக் கப்பி.

கீச்சொலி கேட்டால் பெல்ற் வழுக்குகிறதா, கப்பியின் பெயாரிங் தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். பெல்ற் அறுந்தால் பற்றரி விளக்கு எரியும். நீர்ப்பம்பியும் அதே பெல்ற்றில் ஓடினால் எஞ்சின் விரைவில் கொதிக்கும். உடனே நிறுத்துங்கள், சூடு ஆறும்வரை ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள்.