உண்ண ஓர் அறை கேட்ட சிறுமியர்

அடுப்பு மூட்ட ஒரு குச்சி; விளக்கேற்ற ஒரு குச்சி. கிழிக்கிறோம், எறிகிறோம். அந்தக் குச்சியின் முனையிலே ஒரு காலத்தில் இளம்பெண்களின் வாழ்வு கருகியது என்பதை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்?

ஆண்டு 1888. இலண்டன் மாநகரின் கிழக்கே போ என்னும் பகுதி. அங்கே பிரையண்ட் அண்டு மே நிறுவனத்தின் தீப்பெட்டித் தொழிற்சாலை. வேலை செய்தோர் பெண்கள்; அவர்களிலும் பலர் பருவம் முதிராச் சிறுமியர். கோடையில் காலை 6.30 மணி முதல் மாலை 6 மணிவரை நின்றபடியே வேலை. காலில் அழுக்கா? அபராதம்! பேசினாயா? அபராதம்! 16 வயதுப் பெண்ணொருத்தியின் வாரக்கூலி 4 ஷில்லிங். அவளும் தமக்கையும் குடியிருந்த ஒற்றை அறைக்கு வாடகையே 2 ஷில்லிங். பெட்டிகளைச் சுமந்து சுமந்து, 15 வயதிலேயே தலைமுடி தேய்ந்து வழுக்கையான பெண்களும் இருந்தனர்.

கூலிக் குறைவு கொடுமை. நஞ்சு அதனினும் கொடுமை. அந்நாளில் குச்சிமுனைக்கு வெண்பாஸ்பரஸ் பூசினர். உண்பதற்குத் தனியிடம் இல்லை. நச்சாவி சூழ்ந்த வேலைக்கூடத்திலேயே உணவை விரித்தனர்; உணவோடு நஞ்சையும் உண்டனர். முதலில் பல்வலி, பிறகு வீக்கம், முடிவில் தாடையெலும்பே அழுகியது. மலர வேண்டிய வயதில் முகம் சிதைந்தது!

ஜூன் 23-ஆம் நாள் 'லிங்க்' என்னும் ஏட்டில் இந்நிலையை எழுதினார் அன்னி பெசண்ட் அம்மையார். ஆம், பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அதே அம்மையார்தான். "நாங்கள் மனநிறைவோடு இருக்கிறோம்" என்று தொழிலாளரிடம் கையொப்பம் கேட்டது நிறுவனம். சிறுமியர் மறுத்தனர். ஒருத்தி வேலைநீக்கம் செய்யப்பட்டாள். ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வெளியேறினர்.

தூண்டிவிட்டவர் அம்மையாரே என்றனர் முதலாளிமார். அவர் எழுதியதோ அந்நிறுவனத்தின் தீப்பெட்டியை வாங்காதீர் என்பதே. வேலைநிறுத்தம் அப்பெண்கள் தாமே எடுத்த முடிவு. வாக்குரிமை அற்றவர்கள், எனினும் தூதுக்குழுவாகப் பாராளுமன்றம் சென்று, உறுப்பினர் முன்னே தம் குறையைத் தம் வாயாலேயே உரைத்தனர். இரு வாரங்களுக்குள் நிறுவனம் பணிந்தது. அபராதம் ஒழிந்தது, நீக்கப்பட்டோர் திரும்பினர், உண்பதற்குத் தனியறை ஏற்கப்பட்டது. தொழிற்சங்கமும் எழுந்தது.

அந்தத் தனியறையைச் சிறிய சலுகை என்று எண்ணற்க! சோற்றுக்கும் நஞ்சுக்கும் இடையே எழுந்த முதற் சுவர் அது.

ஆயினும் நஞ்சு உடனே ஒழிந்ததா? இல்லை. தாடைநோய் கண்டவர்களை மறைத்த குற்றத்துக்காக 1898-இல் அதே நிறுவனத்துக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. 1901-இல்தான் அது வெண்பாஸ்பரசைக் கைவிட்டது. 1906-இல் பெர்ன் நகரில் பன்னாட்டு உடன்பாடு. 1908-இல் பிரிட்டனில் தடைச்சட்டம். தீங்கற்ற செம்பாஸ்பரஸ் முன்பே இருந்தது. ஆனால் மலிவு எது என்றுதான் இலாபம் பார்த்தது, உயிர் எது என்று பார்க்கவில்லை.

தீப்பெட்டித் தொழில் நம் சிவகாசியிலும் வளர்ந்தது. அங்கும் பிஞ்சுக் கைகள் உழைத்தன. அத்தொழிலில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்தக் கூடாது என்ற சட்டம் 1986-இல் வந்தது.

இளைஞர் நலம் மருந்துக் குப்பியில் மட்டும் இல்லை. "எங்களுக்கு உண்ண ஓர் அறை வேண்டும்" என்று கூடிநின்று கேட்ட நாவிலும் இருந்தது. நோயாளியாக மட்டுமே நாம் காணும் இளையோரைக் குடிமக்களாகவும் காண்போம். அவர்கள் கேட்கட்டும், நாம் செவிசாய்ப்போம்!