பள்ளிச் சோற்றின் சரித்திரம்

அரசர்கள் போர் புரிந்ததும் முடி துறந்ததும் சரித்திரமாக எழுதப்படுகின்றன. பள்ளிக்குச் சென்ற பிள்ளை பகலில் என்ன உண்டது என்பதை எழுதுவார் மிகச் சிலரே. ஆயினும் ஒரு சமூகத்தின் மெய்யான நிலையை அறிய விரும்புவோர், அதன் பிள்ளைகள் கையிலிருக்கும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கெலுகோரில் குடியிருந்துகொண்டு, பாலம் கடந்து அக்கரைத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். பதின்மூன்று வயதான நம் மகள், மாலையில் சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்தனுப்பியபடியே திருப்பிக் கொண்டுவரத் தொடங்கினாள். முதலில் நமக்குக் கோபமே வந்தது. பிறகு நமது பழைய காலம் நினைவுக்கு வந்தது. பால்மரம் வெட்டிய நம் தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போகுமுன்னே சோறு வடித்து, நெத்திலிக் கருவாடு பொரித்துத் தூக்குச்சட்டியில் வைத்துக் கொடுப்பார். ஆங்கிலப் பள்ளியில் அதைத் திறந்தால் வாடை வீசும், உடன் படிப்போர் நகைப்பர் என்று அஞ்சி, சாக்கடையில் கொட்டிவிட்டுப் பட்டினி கிடந்திருக்கிறோம். அந்தச் சோற்றில் குறையொன்றும் இல்லை. நம்மைத் தின்னவிடாமல் தடுத்தது வெட்கமே. இதை நம் தாயாரிடம் நாம் இன்றுவரை சொன்னதில்லை.

நிற்க. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறிடும் வழக்கம் உலகில் மிகப் பழையதன்று. ஜப்பானில் 1889-ஆம் ஆண்டு சுருவோக்கா என்னும் ஊரில், புத்தமடத்தைச் சார்ந்த பள்ளியொன்றில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்தனர். பிரிட்டன் 1906-இல்தான் இதற்குச் சட்டம் செய்தது. தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் எடுக்கையில், வந்தவர்களில் பலர் உடல் வலிமையற்றிருந்ததைக் கண்ட அச்சமும் அதற்கு ஒரு காரணம்.

நம் தமிழகமோ இதில் வெகுவாகப் பின்தங்கிவிடவில்லை. 1920 செப்டம்பரில், சர் பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை நகராண்மைக் கழகம், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தொகையும் உயர்ந்தது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடக் கூடாதென்று அரசாங்கம் தடை சொல்லவே, 1925 ஏப்ரல் முதல் நாளில் அது நின்றது. பின்னர் மீண்டும் உயிர்பெற்றது.

அதே 1925-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டை உலுக்கிய மற்றொரு பள்ளிச் சோற்று விவகாரத்தை நம் வாசகர் அறிவர். வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதி உதவியிருந்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகள் இருவர் தனியே உண்ண இடமளிக்கப்பட்டது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்தி இரண்டா என்று பெரியார் ஈ. வெ. ராமசாமியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கிளர்ச்சி செய்தனர். அவ்வாண்டு நவம்பரில் பெரியார் காங்கிரஸைத் துறந்ததற்கு வகுப்புவாரித் தீர்மானம் உடனடிக் காரணமாயினும், குருகுலத்துப் பந்தியும் அக்கசப்பை வளர்த்தது என்பதில் ஐயமில்லை. இலையில் விழுந்த சோற்றைப் பற்றியன்று அச்சண்டை. அவ்விலை எங்கே போடப்பட்டது என்பதைப் பற்றியது.

முதலமைச்சர் காமராஜர், மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனை ஏன் பள்ளிக்குப் போகவில்லையென வினவ, சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டானென மக்கள் வழங்கும் கதை ஒன்றுண்டு. கதை எவ்வாறாயினும், 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது சரித்திரம். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் மக்களிடம் அரிசியும் பருப்பும் திரட்டி அதை நடத்த முன்னின்றார். 1982 ஜூலை முதல் நாளில் எம். ஜி. ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 1984-இல் பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளையும் அதில் சேர்த்தனர்.

வளர்ந்த பிள்ளை சேர்ந்தவுடன் வேறொரு சிக்கல் எழுந்தது. பசித்த குழந்தை எதையும் உண்ணும். மீசை அரும்பும் பையன் நாள்தோறும் சோறும் சாம்பாருமே கண்டால் முகம் சுளிப்பான். பின்னர் முட்டை சேர்க்கப்பட்டது. 2013-இல் தொடங்கிப் புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு, கொண்டைக்கடலைப் புலவு, மசாலா முட்டை என நாளுக்கொரு வகை வந்தது. இங்கிலாந்திலோ, 2006-இல் ராமார்ஷ் என்னும் ஊர்ப் பள்ளியில் உடலுக்கேற்ற உணவை மட்டுமே வழங்கியபோது, தாய்மார் சிலர் வேலிவழியே வறுத்த உருளைக்கிழங்கை நீட்டினர்! பிள்ளைகளைக் கலந்து பேசாமல் நல்லதைத் திணித்தால் நல்லதும் தோற்கும் என்பதே இதனால் பெறப்படுவது.

வகை மாறினும் பந்தி நோய் முற்றும் ஒழிந்ததா? 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் பிறந்தது. மறு ஆண்டே, எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டியில், சமைத்த பெண்மணியின் சாதியைக் காட்டிப் பிள்ளைகள் உண்ணாமல் தடுக்கப்பட்டனர். அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் சென்று உடனிருந்து உண்டு அதை மாற்ற வேண்டியதாயிற்று. காமராஜர் சோறு போட்ட ஊருக்குப் பக்கத்தில், பாரதி பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் இது நடந்ததென எண்ணுந்தோறும் நெஞ்சு கூசுகிறது. அப்பாரதியின் பெயரால் ஒரு தமிழ்ப்பள்ளி நம் கெலுகோரிலும் உண்டு.

இனி நம் நாட்டு நிலை. மலேசியாவில் ஏழைப் பிள்ளைகளுக்குரிய துணை உணவுத் திட்டம் ஆரம்பப் பள்ளிகளுக்கு உரியது. இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சிற்றுண்டிச் சாலையும் வீட்டுப் பாத்திரமுமே கதி. பிற்பகல் விளையாட்டுக்கும் சங்கக் கூட்டத்துக்கும் தங்கும் நாளில் அப்பாத்திரம் இன்னும் அவசியமாகின்றது. ஆதலின் சரித்திரம் கற்பித்ததை நம் வீட்டில் நாம் செய்து பார்த்தோம். என்ன வேண்டுமென்று மகளையே கேட்டோம். தேங்காய்ப்பால் சேர்ந்த கறி நம் வெப்பத்தில் பகலுக்குள் கெட்டுவிடுமென்பதால் அதை விலக்கினோம். புளிப்பு, சோறு விரைவில் கெடாமல் ஓரளவு காக்கும். ஆறினாலும் ருசி குன்றாது. நம் ஊருக்கே பெயர் கொடுத்த கெலுகோர் மரத்தின் காயை அரிந்து உலர்த்திப் பினாங்கு மக்கள் புளிப்புக்குப் பயன்படுத்துவது எவரும் அறிந்ததே. எனவே புளிச்சோறும் அவித்த முட்டையும் என்று முடிவாயிற்று.

“கொஞ்சம் அதிகமாக வையுங்கள் அப்பா, சீனத் தோழியும் மலாய்த் தோழியும் கேட்கிறார்கள்” என்றாள் மகள். அன்று மாலை பாத்திரம் வெறுமையாக வந்தது. அடுத்த வாரம் நெத்திலியும் வேண்டுமென்றாள். நாம் ஒருகாலத்தில் சாக்கடையில் கொட்டிய அதே நெத்திலி!

தோட்டத்துத் தாய்மார்களே, பட்டணத்துத் தகப்பன்மார்களே! பாத்திரம் நிரம்பியபடி திரும்பி வந்தால் பிள்ளையை அதட்டாதீர்கள். உப்பு குறைந்ததா என்று கேளுங்கள்; அதன்பின், யாரோடு உட்கார்ந்து உண்கிறாய் என்றும் கேளுங்கள். நம் தாயாரை அழைத்து வந்து அந்நெத்தியைப் பொரிக்கச் சொல்லப் போகிறோம். அப்போது அப்பழைய சாக்கடைச் சமாச்சாரத்தையும் சொல்லிவிடுவதாக இருக்கிறோம்.