அலைநீளம் மாற்றத்தக்க டையோடு லேசர்

மின்னோட்டத்தையும் வெப்பநிலையையும் கூட்டிக் குறைத்து அலைநீளத்தை நகர்த்தக்கூடிய குறைகடத்தி லேசர். ஒவ்வொரு வாயுவும் அகச்சிவப்பில் தனக்கே உரிய அலைநீளங்களை உட்கவர்வதால், வாயுக்களை இனங்கண்டு அளக்க இது பயன்படுகிறது.

முதல் குறைகடத்தி லேசர்கள் 1962இல் அமெரிக்காவில் காலியம் ஆர்சனைடால் உருவாயின. அவை தரும் ஒளி, வாயுக்கள் வலுவாக உட்கவரும் நடு அகச்சிவப்பை எட்டவில்லை. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம் 1964இல் ஈய டெல்லூரைடு லேசரை இயக்கி அங்கே நுழைந்தது. 1970இல் அதே ஆய்வகத்தின் ஈ. டி. ஹிங்க்லி, ஈய-வெள்ளீய டெல்லூரைடு டையோடைக் கொண்டு சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடின் நெருக்கமான நிறமாலைக் கோடுகளைப் பிரித்துக் காட்டினார். மறு ஆண்டே அவரும் பி. எல். கெல்லியும் காற்று மாசுகளைக் கண்டறிய இம்முறையை முன்வைத்தனர்.

ஆனால் இத்தகைய ஈய உப்பு லேசர்களுக்குக் கடுங்குளிர் தேவைப்பட்டது. ஒருமுறை சூடாகிக் குளிர்ந்தால் அலைநீளமே இடம்மாறிவிடும்.

நுண்ணளவுகளைப் பிடிக்க உதவியது லேசரைவிடவும் அதை இயக்கும் உத்திதான். மின்னோட்டத்தை ரம்பப்பல் வடிவில் மெல்ல ஏற்றி, அதன்மேல் வேகமான சைன் அலையைச் சேர்ப்பார்கள். அலைநீளம் ஒவ்வொரு சுழற்சியிலும் கோட்டின் மையத்தை இருமுறை கடப்பதால், உட்கவர்ச்சி இருமடங்கு அதிர்வெண்ணில் தெரியும். லாக்-இன் பெருக்கி அதை மட்டும் பிரித்தெடுக்க, இரைச்சலின் பெரும்பகுதி ஒதுங்கிவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜே. ரீடும் டி. லாப்ரியும் 1981இல் இதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டனர்.

பின்னர் ஒளியிழைத் தொலைத்தொடர்புக்காக வளர்ந்த லேசர்கள் அறை வெப்பநிலையிலேயே இயங்கின. அவை எட்டும் 1.65 மைக்ரோமீட்டரில் மீத்தேனின் உட்கவர்ச்சி, 3.3 மைக்ரோமீட்டரில் உள்ளதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. ஆனாலும் மலிவும் நீடித்த உழைப்பும் அந்தக் குறையை ஈடுகட்டின. கருவி அமைப்பவருக்கு இங்கே வெப்பநிலைதான் உயிர்நாடி. ஒரு பாகை மாறினால் அலைநீளம் சுமார் 0.1 நானோமீட்டர் நகரும். சாதாரணக் காற்றழுத்தத்தில் மீத்தேன் கோடு அதைவிடக் குறுகலானது. கருவியின் சன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் குறுக்கீட்டு வரிகளை உண்டாக்கி, வாயு இருப்பதுபோல் காட்டும். அதனால் சன்னல்களைச் சற்றே சாய்த்துப் பொருத்துகிறார்கள்.

1994இல் பெல் ஆய்வகத்தில் ஜெரோம் ஃபைஸ்ட், ஃபெடெரிகோ கப்பாசோ குழுவினர் குவாண்டம் அடுக்கு லேசரை இயக்கிய பின், நடு அகச்சிவப்புக்கு ஈய உப்பை நம்பியிருக்கும் நிலை மாறியது. 2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியில் 3.27 மைக்ரோமீட்டர் லேசர் ஒன்று, கண்ணாடிகளுக்கிடையே 81 முறை ஒளியைக் கடக்கவிட்டு மீத்தேனை அளக்கிறது. அங்கே மீத்தேன் பருவத்துக்கேற்ப நூறு கோடியில் 0.24 முதல் 0.65 பங்கு வரை இருப்பதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. செவ்வாயைச் சுற்றிவரும் ஐரோப்பிய விண்கலம் 0.05 பங்குகூடக் காணவில்லை என்று 2019இல் வெளியான முடிவு இதற்கு முரணாக நிற்கிறது.