தனுஷ்கோடி ரயில் நிலையம்

தனுஷ்கோடி ரயில் நிலையம் ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கே நீளும் ஒடுங்கிய மணல்திட்டில், கடலோர மீனவர் ஊரில் இருந்த மீட்டர்கேஜ் நிலையம். 1914 முதல் 1964 வரை அது இந்திய ரயிலையும் இலங்கைக் கப்பலையும் இணைத்தது.

அதற்கு முன் சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டியிருந்தது. 1914 பிப்ரவரியில் தீவை நிலப்பரப்போடு இணைத்த பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் 35 கி.மீ.தான். பாம்பனிலிருந்து பிரதான பாதை தனுஷ்கோடிக்கே போயிற்று. கோயில் நகரமான ராமேஸ்வரத்துக்குக் கிளைப்பாதைதான். தென்னிந்திய ரயில்வேயின் 'போட் மெயி'லில் எழும்பூரில் ஏறியவர் ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறுவார். சுங்க அலுவலகம், தபால் அலுவலகம், பள்ளி, தேவாலயம் என ஊர் நிலையத்தைச் சுற்றியே வளர்ந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பலருக்கு, மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடிந்தபின் சொந்த மண்ணின் கடைசி நிலையம் இதுவே. நிலையத்தின் வரலாற்றில் முதலில் நினைக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், புயலில் சிக்னல் தெரியாமல் தனுஷ்கோடியை நெருங்கும்போது ராட்சத அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்தவர்களில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருக்கலாம் என்பதால் எண்ணிக்கை இன்றும் உறுதியில்லை. நிலையமும் துறைமுகமும் ஊரும் அழிந்தன. வாழத் தகாத இடம் என அரசு அறிவித்தது.

சேதமான பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சீரமைத்தது. தனுஷ்கோடிப் பாதை மட்டும் திரும்பவில்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து 1980-கள் வரை ஓடியது. புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான், இலங்கைத் தோட்டத் தமிழர் பலரை இந்தியா ஏற்கும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி திரும்பிவந்த மலையகத் தமிழர் இறங்கியது ராமேஸ்வரத்தில். அவர்களின் முன்னோர் கப்பலேறிய மேடை அப்போது இல்லை.

2019-ல் பாதையை மீண்டும் அமைக்க அடிக்கல் நாட்டப்பட்டும் பணி நிறைவேறவில்லை. 2017-ல் திறந்த சாலையில் மணல்திட்டின் கோடியிலுள்ள அரிச்சல்முனை போவோர் வழியில் இறங்கிப் பார்ப்பது தண்ணீர்த் தொட்டியின் சிதைவையும், பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் கூரையற்ற சுவர்களையும். உப்புக்காற்று அரித்த கல்லில் பவளத்தின் நுண்துளைகள் விரலுக்குத் தட்டுப்படும். தண்டவாளம் போன தடம் மணலுக்குள் மறைந்துவிட்டது.